ரோஸ் மருந்தும் எஸ்.பி.எஃப். ஐம்பதும்

பெங்களூர் சிவாஜிநகரில் தோலுக்கு மருந்து என்றால் ஒரு காலத்தில் அது ரோஸ் நிறத்தில்தான் இருந்தது. வேர்க்குருவா, அம்மைக் கொப்புளத்தின் அரிப்பா, வெயிலில் அலைந்து வந்த எரிச்சலா, எல்லாவற்றுக்கும் அதே மருந்து. வீட்டில் கழுவி எடுத்துப் போன பாட்டிலில் கம்பவுண்டர் ஊற்றித் தருவார். பாட்டிலில் ஒட்டிய தாளில் 'குலுக்கிவிட்டுப் பூசவும்' என்பதைத் தவிர வேறு எழுத்து இருக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், கலக்கியவர் அவரே.

இன்று பவுரிங் மருத்துவமனையைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் கண்ணுக்கு எதிரே இருக்கும் தட்டு சன்ஸ்க்ரீனுக்கு உரியது. எஸ்.பி.எஃப். 30, 50, 50 பிளஸ், பி.ஏ. என்ற எழுத்துக்குப் பின் மூன்று கூட்டல் குறி, நான்கு கூட்டல் குறி; ஜெல், கிரீம், ஸ்ப்ரே, குச்சி. கல்லூரிப் பெண் ஒருத்தி ட்யூபைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படிக்கிறாள். "அண்ணா, இதுல ஆக்சிபென்சோன் இருக்கா?" என்று கேட்கிறாள். "அதெல்லாம் தெரியாதும்மா, நல்லா மூவ் ஆகுது" என்கிறார் கடைக்காரர். அன்று கேள்வி இல்லை, பதில் சொல்ல ஆள் இருந்தார். இன்று கேள்வி இருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பொடி எழுத்துப் பட்டியல் இருக்கிறது.

அந்த ரோஸ் மருந்தின் பெயர் காலமைன் லோஷன். மருந்தாளுநர்கள் பின்பற்றிய பிரிட்டிஷ் முறைப்படி நூறு பங்கில் காலமைன் 15, ஜிங்க் ஆக்சைடு 5, பென்டோனைட் களிமண் 3, கிளிசரின் 5, சிறிதளவு சோடியம் சிட்ரேட், அரைப் பங்கு பீனால், மீதி தண்ணீர். காலமைன் என்பதும் பெரும்பாலும் ஜிங்க், அதாவது துத்தநாகச் சேர்மமே. அதில் கலந்த மிகச் சிறிதளவு இரும்பு ஆக்சைடுதான் அந்த ரோஸ் நிறத்தைத் தந்தது. ஆக, தண்ணீரையும் களிமண்ணையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் அந்தப் பாட்டிலில் இருந்தது துத்தநாகம். இன்று 'மினரல் சன்ஸ்க்ரீன்', 'கெமிக்கல் இல்லாதது' என்ற வாசகத்தோடு ஐம்பது கிராம் ஐந்நூறு ரூபாய்க்கும் மேலே விற்பதிலும் முதன்மையான சரக்கு அதே துத்தநாகம்தான். ஜிங்க் ஆக்சைடு கெமிக்கல் இல்லை என்று எந்த வேதியியல் ஆசிரியர் ஒப்புக்கொள்வார் என்பது வேறு கதை.

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. காலமைன் காய்ந்ததும் பொடியாக உதிரும்; தோலின் மேல் ஒரே சீராக நிற்காது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு எவ்வளவு என்று அந்தப் பாட்டிலில் எண் போட்டவரும் இல்லை. இன்றைய களிம்பில் துத்தநாகத் துகள் நுணுக்கி அரைக்கப்பட்டு, எண்ணெய்ப் பொருளில் சீராகப் பரப்பப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு வருகிறது. பழைய பாட்டில் எரிச்சலுக்கு ஆறுதல் தந்தது; புதிய ட்யூப் எரிச்சல் வருமுன் தடுக்கிறது. இது சின்ன முன்னேற்றம் இல்லை.

வெயிலைப் பற்றிய பயம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு இறக்கிய நாளிலிருந்தே அது இருக்கிறது. படையோடு ஆற்காடு, வேலூர்ப் பக்கமிருந்து வந்த தமிழர்கள் குடியேறிய பிளாக்பள்ளிதான் பின்னாளில் சிவாஜிநகர் ஆனது. நாராயண பிள்ளை தெரு, மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு என்று அவர்கள் விட்டுச்சென்ற பெயர்கள் இன்னும் பலகையில் நிற்கின்றன. வந்தவர்களில் இரு சாராரும் ஒரே வெயிலில்தான் நின்றார்கள். ஆனால் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பின்னாளில் நெட்டித் தொப்பி கட்டாயமானது. சுமை தூக்கியவருக்குத் தலைத்துண்டு.

அந்தத் தொப்பிக்குப் பின்னால் அக்காலத்து அறிவியல் ஒன்று இருந்தது. வெப்ப நாட்டுச் சூரியனிலிருந்து வரும் 'ஆக்டினிக்' கதிர்கள் மண்டை ஓட்டையும் முதுகெலும்பையும் துளைத்து நரம்பைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். 1905-இல் சார்ல்ஸ் உட்ரஃப் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் இதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். முதுகெலும்பைக் காக்கத் துணித் திண்டு தைத்துக் கட்டிக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸில் சில நூறு அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பில் உள்ளாடை தைத்துக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள்; புழுக்கம் தாங்காமல் புகார் வந்ததுதான் மிச்சம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் இராணுவம் நெட்டித் தொப்பியையே கைவிட்டது. கதிர் தீங்கு செய்யும் என்ற எண்ணம் பிழையில்லை. எந்த இடத்தில், எப்படி என்பதில்தான் கணக்குத் தவறியது. இன்றைய ட்யூபைத் திருப்பிப் படிப்பவர்களைப் பார்க்கும்போது அந்த முதுகுத் திண்டு எனக்கு நினைவுக்கு வருவதுண்டு.

நம்மவர் பயம் வேறு. "வெயில்ல அலையாதே, கறுத்துப் போயிடுவே" என்பதுதான் சிவாஜிநகர் வீடுகளில் கேட்ட எச்சரிக்கை. கேட்டவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். புற்றுநோய், சுருக்கம் என்ற பேச்சே இல்லை. கல்யாணம் என்ற பேச்சு இருந்தது. மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், பயத்தம் மாவு, சந்தனம் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் காகிதப் பொட்டலத்தில் வந்தன. முகத்துக்கு ஸ்நோ, அதன்மேல் பவுடர். பம்பாயில் 1919-இல் தொடங்கிய ஆப்கன் ஸ்நோ நம் பாட்டிமார் மேசையிலும் இருந்தது. ஸ்டியரிக் அமிலத்தைக் காரத்தோடு சேர்த்து நீரில் குழைத்த களிம்பு அது. முகத்தை வெளுப்பாகக் காட்டும், வெயிலைத் தடுக்க அல்ல.

1975-இல் இந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியைக் கொண்டுவந்தது. நியாசினமைடோடு புற ஊதாக் கதிர் வடிகட்டிகளும் அதில் சேர்ந்திருந்தன. அதாவது, இந்த ஊரில் ஒரு தலைமுறைப் பெண்கள் முதன்முதலில் பூசிய சன்ஸ்க்ரீன் வெயிலுக்கான களிம்பு என்ற பெயரில் வரவில்லை. சிவப்பாக்கும் களிம்பு என்ற பெயரில் வந்தது. 2020-இல் 'ஃபேர்' என்ற சொல் போய் 'க்ளோ' வந்தது. விளம்பரத்தில் கறுப்பு என்ற சொல் இன்று வருவதில்லை. 'டேன்', 'டல்', 'டேமேஜ்' வருகின்றன. பயம் அதே இடத்தில் இருக்கிறது, உடை மாற்றிக்கொண்டிருக்கிறது.

வெயில் மாறியதா என்று கேட்டால், வெயிலைவிட நிழல் அதிகம் மாறியது என்பேன். இந்திய அறிவியல் கழகத்தில் டி.வி.ராமச்சந்திராவும் உடன் ஆய்வாளரும் 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, அதற்கு முந்தைய நான்கு பத்தாண்டுகளில் பெங்களூரின் கட்டடப் பரப்பு 584 சதவீதம் பெருகியது. பசுமை 66 சதவீதமும் நீர்நிலை 74 சதவீதமும் குறைந்தன. 1927-இல் கட்டி 1933-இல் திறந்த ரஸ்ஸல் மார்க்கெட்டின் உயர்ந்த கூரைக்குள் இன்றும் நண்பகலில் குளிர்ச்சி தெரியும். அதை விட்டு வெளியே வந்து பேருந்து நிலையம் வரை நடப்பவருக்குத் தலைக்கு மேல் மரம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். 2016 ஏப்ரல் 24-இல் நகரத்தில் 39.2 டிகிரி பதிவானது. பெங்களூர் ஏப்ரல் அதுவரை கண்டிராத வெப்பம்.

ஆனால் வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. இந்த ஊர்க்காரர்கள் ஏமாறும் இடம் அதுதான். சென்னையிலிருந்து வருபவர்கள் 'இங்கே வெயிலே உறைக்கவில்லை' என்பார்கள். காற்று குளுமையாக இருப்பதால் உறைக்கவில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டரில், நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கில் இருக்கும் ஊர் இது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். மார்ச் முதல் மே வரை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேல் படி கிடையாது. கறுத்த தோலின் மெலனின் இயல்பாகவே ஒரு கவசம்; நம்மிடையே மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு அது முக்கியக் காரணம். ஆகவே வெள்ளைத் தோலுக்கு எழுதிய ஆஸ்திரேலிய அறிவுரையை அப்படியே ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவதில் பொருளில்லை. மங்கு, வெண்புள்ளி, லூபஸ் போன்ற நோய், வெயிலில் ஒவ்வாமை தரும் மாத்திரை, இவை உள்ளவர்களின் கதை வேறு. அவர்களுக்கு சன்ஸ்க்ரீன் அலங்காரம் இல்லை, மருந்துச் சீட்டில் வரும் பொருள்.

இப்போது அந்தப் பொடி எழுத்துப் பட்டியலுக்கு வருவோம். அதில் உள்ள பெயர்களுக்கும் ஒரு அன்றும் இன்றும் உண்டு. 1943-இல் காப்புரிமை பெற்ற பாபா என்ற பொருள் அமெரிக்கச் சன்ஸ்க்ரீன்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. உடுப்பில் மஞ்சள் கறை படிய வைத்தது, பலருக்கு ஒவ்வாமை தந்தது, 1980-களில் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தை ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், அவோபென்சோன், ஆக்டோக்ரிலீன் பிடித்தன. இவை கதிரை உறிஞ்சிக்கொண்டு வெப்பமாக மாற்றிவிடுபவை. தோலில் வெள்ளைப் படலம் விடாதவை. நம் நிறத்துக்கு அது பெரிய வசதி. கிரிக்கெட் ஒளிபரப்பில் ஆலன் டொனால்ட் மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளைப் பட்டை பூசிப் பந்து வீசியதைப் பார்த்தவர்களுக்குத் துத்தநாகத்தின் குறை என்ன என்று விளக்க வேண்டாம். அந்தப் பட்டையோடு கமர்ஷியல் தெருவுக்குப் புடவை எடுக்க யார் போவார்?

2001-இல் சுவிட்சர்லாந்தில் எலிகளுக்கு ஆக்சிபென்சோனைத் தீவனத்தோடு கொடுத்துப் பார்த்தபோது ஈஸ்ட்ரஜன் போன்ற விளைவு தெரிந்தது. பயம் அங்கே தொடங்கியது. 2019-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறையின் ஆய்வாளர்கள் 24 பேரை வைத்து வேறொன்றைக் கண்டார்கள். உடலின் முக்கால் பரப்பில், நாளுக்கு நான்கு முறை, நான்கு நாள் சன்ஸ்க்ரீன் பூசி இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் நச்சுச் சோதனை வேண்டாம் என்று விட்டுவிடுவதற்கான வரம்பு மில்லி லிட்டருக்கு 0.5 நானோகிராம். சோதித்த நான்கு வடிகட்டிகளும் அதைத் தாண்டின. ஆக்சிபென்சோன் முந்நூறு மடங்குக்கும் மேல். 2020 ஜனவரியில் 48 பேரை வைத்து ஆறு பொருள்களைச் சோதித்தபோதும் அதே முடிவு. இரு முறையும் ஆய்வாளர்கள், இதற்காகச் சன்ஸ்க்ரீனை நிறுத்த வேண்டாம் என்று சேர்த்தே எழுதினார்கள். கைப்பேசிகளில் பரவியது முந்நூறு மடங்கு மட்டும்.

இரத்தத்தில் ஏறுவது வேறு, தீங்கு செய்வது வேறு. ஏறுகிறது என்று தெரிந்துவிட்டது; தீங்கு உண்டா என்பதற்குத் தரவு போதவில்லை என்பதே அத்துறையின் நிலை. 2019 பிப்ரவரியில் அது முன்மொழிந்த விதியில் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இரண்டு மட்டும் பாதுகாப்பானவை என்ற வரிசையில் நின்றன. பாபாவும் ட்ரோலமைன் சாலிசிலேட்டும் தள்ளப்பட்டன. மற்ற 12 பொருள்களுக்கு மேலும் தரவு கேட்கப்பட்டது. ஐரோப்பா வேறு வழியில் போனது. தடை செய்யவில்லை, அளவைக் குறைத்தது. 2022-இல் வந்த விதிப்படி ஆக்சிபென்சோன் முகக் களிம்பில் 6 சதவீதம், உடல் முழுதும் பூசுவதில் 2.2 சதவீதம் வரைதான். ஹவாய் மாநிலம் பவளப் பாறைகளைச் சொல்லி 2021 தொடக்கத்திலிருந்து ஆக்சிபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் உள்ளவற்றின் விற்பனையைத் தடுத்தது. 'ரீஃப் சேஃப்' என்று அச்சடித்த ட்யூப் இப்போது கடலே இல்லாத இந்த ஊரிலும் விற்கிறது. அருகில் இருப்பது அல்சூர் ஏரி.

அந்த அமெரிக்க இரத்தச் சோதனையில் பூசிய அளவையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. ட்யூபில் எழுதிய எஸ்.பி.எஃப். எண் அந்தக் கனத்தில் பூசினால்தான் கிடைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் தேவை. நம் வீடுகளில் பட்டாணி அளவு பிதுக்கி முகமெல்லாம் தேய்க்கிறோம். ஆகவே, அஞ்சும் அளவு உள்ளே போவதில்லை. எழுதிய அளவு பாதுகாப்பும் கிடைப்பதில்லை. பயமும் பலனும் ஒரே விகிதத்தில் சுருங்கிவிடுகின்றன.

2021-இன் பென்சீன் விவகாரம் இதிலிருந்து வேறுபட்டது. அதைத்தான் நான் கூடுதலாகப் பொருட்படுத்துகிறேன். வாலிஷர் என்ற அமெரிக்கத் தனியார் ஆய்வுக்கூடம் 294 தொகுதிகளைச் சோதித்து 78-இல் பென்சீன் கண்டது. பென்சீன் இரத்தப் புற்றுநோய் தருவது என்பதில் இரண்டு கருத்து கிடையாது. அந்த ஜூலையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நியூட்ரஜீனா, அவீனோ பெயர்களில் விற்ற ஐந்து வகை ஸ்ப்ரேக்களைத் திரும்பப் பெற்றது. பென்சீன் எந்த ட்யூபின் உட்பொருள் பட்டியலிலும் இல்லை. கலப்படமாக, தயாரிப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. பட்டியலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாலும் கண்ணில் பட்டிருக்காது.

இந்தியாவில் சன்ஸ்க்ரீன் சட்டப்படி அழகுப் பொருள். அமெரிக்காவில் அது மருந்து. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பலவும் கிளைக்கின்றன. அங்கே ஒவ்வொரு வடிகட்டியும் எத்தனை சதவீதம் என்று அட்டையில் அச்சிட வேண்டும். இங்கே பெயரைச் சொன்னால் போதும். எவ்வளவு என்று சொல்லும் கட்டாயம் இல்லை. சில புதிய நிறுவனங்கள் தாமாகவே சதவீதம் போடுகின்றன. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் அழகுப் பொருள்கள் வந்தது 1962-இல் செய்த திருத்தத்தால். அழகுப் பொருள்களுக்கென்றே தனி விதித் தொகுப்பு 2020 டிசம்பரில்தான் வந்தது. எந்தெந்த வடிகட்டியை, எந்த அளவு வரை சேர்க்கலாம் என்ற பட்டியலை இந்தியத் தர அமைவனம் வைத்திருக்கிறது.

எண் உண்மையா என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரலில் லாக்மே, 'ஆன்லைனில் அதிகம் விற்பது' என்று சாடையாகக் காட்டி, எஸ்.பி.எஃப். 50 என்று விற்பதில் 20-தான் இருக்கிறது என விளம்பரம் செய்தது. தி டெர்மா கோ பெயரில் விற்கும் ஹொனாசா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. லாக்மேயின் உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவர் விளம்பரத்தை மாற்ற ஒப்புக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து ஆஸ்திரேலியாவில் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்க்ரீன்களைச் சோதித்ததில் 16, அட்டையில் எழுதிய எண்ணை எட்டவில்லை. ஒன்றில் ஐம்பதுக்குப் பதில் நான்கு. உலகிலேயே கடுமையான விதி உள்ள நாடுகளில் ஆஸ்திரேலியா ஒன்று. காலமைன் பாட்டிலில் எண்ணே இல்லை, அதனால் பொய் எண்ணும் இல்லை.

பழையது எல்லாம் பத்தியமானது என்று சொல்லிவிட்டுப் போக மனம் வருகிறது; உண்மை விடமாட்டேன் என்கிறது. ரஸ்ஸல் மார்க்கெட் சுற்றுவட்டாரத்தில் சின்னக் குப்பியில் விற்கும் சுர்மா, மரபுப்படி கலீனா கல்லை அரைத்தது. கலீனா என்பது ஈயச் சல்பைடு. குழந்தை கண்ணுக்கும் அதைத் தீட்டினார்கள். மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் சேர்ப்பது இந்தியாவிலும் வங்கதேசத்திலும் சோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. குங்குமம் போய் ஸ்டிக்கர் பொட்டு வந்தபோது, பசையில் இருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நெற்றியில் பொட்டளவு வெண்புள்ளியை விட்டுப் போனது. தேங்காய் எண்ணெய்க்கு எஸ்.பி.எஃப். 8 உண்டு என்று குடும்ப வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கும் ஒரு வேர் இருக்கிறது: 2010-இல் ராய்ப்பூரில் எண்ணெயைக் கரைத்துக் கருவியில் அளந்த ஆய்வு. மனிதத் தோலில் பூசி வெயிலில் நிறுத்திப் பார்த்ததில்லை.

இந்தப் பேச்சில் எனக்கு உண்மையில் அச்சம் தருவது ஆக்சிபென்சோனும் இல்லை, மஞ்சளும் இல்லை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் 22 பேருக்கு மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயைக் கண்டார்கள். 15 பேருக்கு அதில் அரிதான ஒரு வகை. அந்தப் பதினைந்தில் 13 பேர் முகம் சிவக்கக் களிம்பு பூசியவர்கள். காரணம் பாதரசம். மெலனின் உருவாவதைப் பாதரசம் நிறுத்தும், முகம் சில வாரங்களில் வெளுக்கும்; தோல் வழியே ஏறிச் சிறுநீரகத்தில் தங்கும். இந்திய விதிப்படி கண்ணருகே பூசுபவற்றில் பத்து இலட்சத்தில் 70 பங்கு, மற்றவற்றில் தவறிச் சேர்ந்தது என்ற அளவில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கூடாது. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருளை 2025-க்குள் முற்றாக ஒழிப்பதென்று முடிவெடுத்தன. ஆனால் அந்தக் களிம்பு டப்பாக்களில் தயாரித்தவர் பெயரோ, உட்பொருளோ, உரிம எண்ணோ ஒழுங்காக இருப்பதில்லை. பொடி எழுத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கும் பெண்ணுக்கு அதில் படிக்க ஒன்றும் இல்லை.

ஸ்டீராய்டு களிம்பும் இந்தக் குடும்பம்தான். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள் என்று வாங்கிப் பூசி, முதல் மாதம் முகம் பளபளத்து, பிறகு வெயிலில் தலைகாட்ட முடியாமல் சிவந்து எரிந்து தோல் புறநோயாளர் பிரிவின் பெஞ்சில் வந்து உட்காருபவர்கள் எல்லா அரசு மருத்துவமனையிலும் உண்டு. 2018-இல் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் கிடைக்குமா என்று கேட்காதீர்கள்.

1868-இல் திறந்த பவுரிங் மருத்துவமனை இன்று மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. பாட்டில் எடுத்துக்கொண்டு யாரும் போவதில்லை. கம்பவுண்டர் என்ற வேலையும் போய்விட்டது. அது போனதில் நன்மையே கூடுதல். கலவை கூடியும் குறைந்தும் வந்ததற்கும், தேதி தீர்ந்ததைக் கலக்கியதற்கும் கணக்கு இருந்ததில்லை. இழந்தது ஒன்றுதான், ஆனால் சின்னது அல்ல: மருந்தைக் கையில் கொடுத்தவரே அது என்னவென்று அறிந்தவராகவும் இருந்தார். மங்கு விழுந்த பெண்ணுக்கு மூன்று நிமிடம் ஒதுக்க முடிந்த தோல் மருத்துவர் ஒரு பெயரைச் சீட்டில் எழுதுகிறார். மிச்சத்தை அவள் காணொளியில் பார்த்துக்கொள்கிறாள். அதைச் சொல்பவர் விற்பவராகவும் இருக்கிறார்.

அந்தச் சீட்டில் இப்போது 'டின்டட்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. மங்குவைக் கறுக்க வைப்பதில் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், குறிப்பாக நீல ஒளிக்கும், பங்கு உண்டு என்று தெரியவந்திருக்கிறது. எஸ்.பி.எஃப். நூறு போட்டாலும் நிறமற்ற களிம்பு அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறம் ஏற்றிய களிம்புதான் தடுக்கும். துத்தநாக ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும். அளவு வேறு, அரைத்த நேர்த்தி வேறு, நோக்கம் வேறு. சரக்கு மட்டும் கம்பவுண்டரின் அலமாரியில் இருந்ததுதான். அன்று அந்த இரும்பு நிறத்துக்காகச் சேர்ந்தது. வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

பட்டியலைப் பற்றிய இத்தனை வாதமும் ட்யூப் வாங்க முடிந்தவர்களுக்கானது. ரஸ்ஸல் மார்க்கெட் வாசலிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் காலை பத்து முதல் மாலை நான்கு வரை நிற்கும் தள்ளுவண்டிக்காரர் ஒருவருக்கு ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, முகம் கழுத்துக்கு மட்டும் ஒன்றேகால் கிராம் வீதம், நாளுக்கு மூன்று முறை என்றால் ஐம்பது கிராம் ட்யூப் இரண்டு வாரத்துக்குள் தீரும். ட்யூப் நானூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் தொள்ளாயிரம் ரூபாயைத் தொடும். கைக்கும் பூசினால் இரு மடங்கு. அவர் பெரிய குடை ஒன்றை வாங்கிக் கட்டுகிறார். சில வருடம் வரும்.

குடை மோசமான தேர்வு இல்லை. 2013-இல் அமெரிக்காவில் 23 சாதாரணக் கைக்குடைகளைச் சோதித்ததில், கறுப்புக் குடைகள் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலான புற ஊதாக் கதிரைத் தடுத்தன. முழுக் காப்பு என்றும் சொல்ல முடியாது. 2017-இல் டெக்சஸ் ஏரிக்கரையில் மூன்றரை மணி நேரம் குடையின் கீழ் மட்டும் இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கும், சன்ஸ்க்ரீன் மட்டும் பூசியவர்களில் 25 சதவீதம் பேருக்கும் தோல் வெந்தது. மணலிலும் நீரிலும் பட்டுத் திரும்பும் கதிர் குடையின் கீழே பக்கவாட்டில் நுழைந்துவிடுகிறது. தார்ச் சாலையில் அந்தத் திரும்பும் கதிர் மணலைவிடக் குறைவு. எது எப்படியானாலும் நிழலும் களிம்பும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். தள்ளுவண்டிக்காரரிடம் இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் பழத்தின் பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறது.